தொண்ணூறு நிமிடப் பெட்டகம்

ஆகஸ்டில் மலை எரிந்தபோது, வீட்டை விட்டுக் கிளம்ப மார்லிஸுக்குக் கிடைத்தது இருபது நிமிடம்தான். ஷெரீஃப் வண்டி வந்து ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போன கையோடு அவள் கூடத்துக்கு ஓடி, அப்பாவின் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஏழு துப்பாக்கிகள். ஒவ்வொன்றையும் போர்வையில் சுற்றிப் பிக்கப்பின் பின்சீட்டில் கிடத்தினாள். யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது. பன்னிரண்டு மைல் தள்ளி டவுனில் தம்பி கர்ட்டிஸ் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் சுருக்கென்றது. அம்மா ஒட்டிவைத்த போட்டோ ஆல்பங்கள் ஐந்தும் வீட்டிலேயே இருந்துவிட்டன.

மூன்று நாள் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. நான்காம் நாள் காற்று திரும்பி, தீ ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. வீடு தப்பியது. ஆல்பங்கள் வைத்த இடத்திலேயே சாம்பல் தூசி படிந்து இருந்தன. மார்லிஸ் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி அழுவோம் என்று அவள் நினைத்ததில்லை.

மேட்டு வீட்டு ஹோல்டன் குடும்பத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்கள் வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நின்றது. சாம்பலுக்குள் கிடந்த தகரத் துப்பாக்கிப் பெட்டியை நெம்பித் திறந்தபோது மார்லிஸும் கூட நின்றாள். கட்டைகள் கரியாகிப்போய், குழல்கள் வளைந்து ஒன்றோடொன்று சாய்ந்து கிடந்தன. ஹோல்டன் மூடியைத் திரும்பச் சாத்தினார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவள் கர்ட்டிஸையும் ஏற்றிக்கொண்டு, துப்பாக்கிகளுக்குத் தீ தாங்கும் இரும்புப் பெட்டகம் வாங்க மிசூலா நகரத்துக்குக் கிளம்பினாள்.

"இத்தனை வருஷம் இல்லாத பெட்டி இப்ப எதுக்குக்கா? அப்பா அலமாரிக்கு என்ன குறைச்சல்?" என்றான் கர்ட்டிஸ்.

"அது கண்ணாடிடா. தீக்கு முன்னால அப்பளம் மாதிரி நொறுங்கும்."

"தீ வந்தா மறுபடி அள்ளிப் போட்டுக்கிட்டு வா. நீதான் கெட்டிக்காரியாச்சே. துப்பாக்கிய காப்பாத்திட்டு அம்மா ஆல்பத்த அடுப்புல விட்டுட்டு வந்தவ!"

"இன்னொரு தடவ அதச் சொன்னே, நடுரோட்டுல இறக்கி விட்டுருவேன்."

அவன் சிரித்தான். ஜன்னலுக்கு வெளியே கருகிய சரிவுகள் போய்க்கொண்டிருந்தன.

அப்பா ஹால்வர் அந்த அலமாரியைக் கொட்டகையில் வைத்து ஒரு குளிர்காலம் முழுக்க இழைத்தார். கதவுக் கண்ணாடியில் ஒரு மான் பொறித்திருக்கும். சாவி அலமாரியின் தலைமேல். வீட்டில் மட்டுமல்ல, விருந்துக்கு வந்தவர்களுக்கும் தெரியும். ஞாயிறு மதியங்களில் அப்பா சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து, தன் பழைய பனியனைக் கிழித்து எண்ணெய் தொட்டுத் துடைப்பார். அந்த எண்ணெய் வாசமும் அடுப்பிலிருந்து வரும் மான்கறிக் குழம்பு வாசமும் சேர்ந்ததுதான் மார்லிஸுக்கு ஞாயிறு. ஏழிலும் பழையது, தாத்தா நார்வேயிலிருந்து வந்த புதிதில் வாங்கியது. இருப்பதிலேயே சின்னத் துப்பாக்கியால்தான் பதிமூன்று வயதில் அவள் முதல் மானை அடித்தாள். அடித்துவிட்டு அதன் பக்கத்தில் நின்று நடுங்கினாள். அப்பா தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினாரே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது.

கடைக்காரர் ஆஸ்ட்பிக்கு எழுபதை ஒட்டிய வயது. பேர் கேட்டதும் கண்ணாடிக்கு மேலாக அவர்களைப் பார்த்தார்.

"ஹால்வர் பிள்ளைங்களா நீங்க? சரி, எத்தனை துப்பாக்கி?"

"ஏழு."

"அப்ப பதினாலு வைக்கிற பெட்டியப் பாருங்க. ஏழுன்னு எழுதியிருக்கிறதுல ஏழ வச்சா ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக் கட்டையெல்லாம் கீறல் விழும்."

கர்ட்டிஸ் ஏற்கெனவே ஒரு பெட்டகத்தின் முன்னால் நின்றிருந்தான். பளபளக்கும் பச்சை, கதவில் தங்க நிறத்தில் பெரிய கொம்பு மான்.

"அக்கா, இது!"

"நகைக்கடை மாதிரி இருக்கு. கதவ நாம சாத்தப்போறோமா, கும்பிடப்போறோமா?"

ஆஸ்ட்பி சிரித்துக்கொண்டே வந்தார். "அழகா இருக்கும். ஆனா தீய முப்பது நிமிஷம்தான் தாங்கும். உங்க பக்கம் தீயணைப்பு வண்டி வர எவ்வளவு நேரமாகும்?"

"நாப்பது நிமிஷம். ரோட்டுல பனி இருந்தா கடவுளுக்குத்தான் தெரியும்," என்றாள் மார்லிஸ்.

"அப்ப தொண்ணூறு நிமிஷத்துக்குக் குறைஞ்சு வாங்காதீங்க. ஒண்ணு சொல்லிடறேன். தீயில வேகாத பெட்டின்னு உலகத்துல எதுவும் கிடையாது. இது நேரம் வாங்கிக் குடுக்கும், அவ்வளவுதான்." அவர் சாம்பல் நிறப் பெட்டகம் ஒன்றின் கனத்த கதவைத் திறந்து, உள்ளே மூன்றடுக்காக வைத்திருந்த ஜிப்சம் பலகையைத் தட்டிக் காட்டினார். கதவைச் சுற்றி ஓடிய பட்டை, சூடு பட்டதும் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளுமாம். பலகையிலிருந்து நீராவி வருவதால், தீ அணைந்ததும் சீக்கிரம் திறந்து எண்ணெய் போடாவிட்டால் துருப்பிடிக்குமாம்.

"போட்டோ வைக்கலாமா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"காகிதம் பிழைச்சுக்கும். போட்டோ இன்னும் கொஞ்சம் நோஞ்சான். சின்னத் தீப்பெட்டகம் ஒண்ணு தர்றேன், ஆல்பத்த அதுல போட்டு இதுக்குள்ள வைங்க."

மார்லிஸ் குனிந்து உள்தட்டுகளை அளந்துகொண்டிருந்தபோது ஆஸ்ட்பி சொன்னார்: "உங்கப்பாவும் இதெல்லாம் கேட்டாரு."

அவள் நிமிர்ந்தாள். "அப்பா இங்க வந்தாரா?"

"ரொம்ப நாள் முன்னாடி, ஒரு பெரிய தீ வந்த வருஷம். ஒரு மணி நேரம் நின்னு, அளவெல்லாம் எடுத்தாரு. வாங்கப்போறாருன்னுதான் நினைச்சேன். கடைசில தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டு வேணாம்னுட்டாரு. ஏன்னு கேட்டேன். 'எம் பொண்ணு காலைல எழுந்ததும் காப்பிக் கோப்பையோட அந்தக் கண்ணாடி முன்னால வந்து நிக்கும். ஒவ்வொண்ணா பாக்கும். இரும்புக் கதவப் போட்டுட்டா அது எங்க போய் நிக்கும்?'ன்னாரு."

மார்லிஸ் புருஷனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய வருஷம் அது. தூக்கம் வராத விடியல்களில் அவள் அங்கே போய் நின்றது உண்மைதான். சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு முட்டை பொரித்த அந்த மனிதர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு நாளாவது வாயைத் திறந்தாரா!

கர்ட்டிஸ் பச்சைப் பெட்டகத்தை விட்டு மெல்ல வந்து அவள் தோளில் கை வைத்தான். "வாங்கணுமாக்கா?"

"வாங்கணும்," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "அவரு எனக்காக வாங்காம விட்டாரு. நான் அவருக்காக வாங்குறேன். அந்த சாம்பக்கலருதான்."

பூட்டு விஷயத்தில் மட்டும் அக்காவும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள். அவன் பொத்தான் பூட்டு என்றான். அவள் சுழற்றும் பூட்டு என்றாள், பேட்டரியை நம்ப முடியாது என்று. பூட்டைத் திறக்கும் எண்ணுக்கு அப்பாவின் பிறந்தநாளை வைக்கலாம் என்றான் கர்ட்டிஸ்.

"அது பள்ளத்தாக்குல பாதிப் பேருக்குத் தெரியும். வருஷா வருஷம் எல்லாருக்கும் பீர் ஊத்தினாரே."

அடுத்த வாரம் மூன்று பேர் வந்து, தொள்ளாயிரம் பவுண்டு எடையுள்ள பெட்டகத்தைப் பலகைமேல் உருட்டி இறக்கினார்கள். கூடத்து மரத்தரை தாங்காது என்பதால், பின்கட்டில் கான்கிரீட் தரையின் மூலையில் வைத்துப் போல்ட் முடுக்கினார்கள். அவர்கள் போனதும் மார்லிஸ் ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்துக் கொடுக்க, கர்ட்டிஸ் உள்ளே சாய்த்து வைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. ஒவ்வொரு கதையிலும் இருவருக்கும் சண்டை. ஓடைக்கரையில் நின்ற எல்க் மானை யார் முதலில் பார்த்தது என்பது அன்றும் தீரவில்லை. ஏழும் உள்ளே போக மூன்று மணி நேரமானது.

காலியான அலமாரியை என்ன செய்வது என்று அவள் கேட்பதற்குள், "எங்க வீட்டுக்குக் குடு," என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை கர்ட்டிஸிடமிருந்து ஃபோன் வந்தது, மனைவி ரோண்டா செய்த காரியத்தைச் சொல்ல. "அக்கா, ரோண்டா அந்த அலமாரில ஹக்கிள்பெர்ரிப் பழ ஜாம் பாட்டிலா அடுக்கிட்டா. திட்டாத."

"எத்தனை பாட்டில்?"

"முப்பத்தொண்ணு. வெயில் பட்டா ஊதாவா மின்னுது. நல்லாத்தான் இருக்கு."

"கதவ மெதுவா சாத்தச் சொல்லு," என்றாள் மார்லிஸ். "கீழ் கீல் கொஞ்சம் லூசு."