சம்பந்தியம்மாள் கேட்ட சிவப்பு வளையல்

அரசாங்க ஆபீஸ் என்றாலே மரிசெல்லுக்குக் கலக்கம்தான். அவள் பிலிப்பைன்ஸ்காரி. துபாய் ஹோட்டலில் உடன் வேலை பார்த்த கலைவாணனைக் கல்யாணம் செய்துகொண்டு உடையார்பாளையம் வந்தவள். விசாவை நீட்டிக்க அரியலூர் எஸ்.பி. ஆபீசுக்குப் போகும்போதெல்லாம், ஊருக்குக் கிளம்பு என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுவாள்.

அதனால்தான் அங்கன்வாடி ஊழியர் தேவயானி வீட்டுக்கே வந்து, "வெள்ளிக்கெழம சமுதாய வளைகாப்பு, வந்துடு" என்று அழைத்தபோது தயங்கினாள்.

"நான் வெளிநாடாச்சேக்கா. எனக்கெல்லாம் கவர்மென்ட்ல செய்வாங்களா?"

"வயித்துல இருக்குறது உடையார்பாளையத்து ஆளுதானே? பேசாம கெளம்பி வா."

மாமியார் கலியம்மாளுக்கு வேறு கவலை. பிறந்த வீட்டார் வந்து போடவேண்டிய வளையல். அவர்களோ கடலுக்கு அந்தப் பக்கம். மருமகள் அழுதுவிடுவாள் என்றே வீட்டில் வளைகாப்புப் பேச்சை எடுக்காமல் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் அவளுடைய அம்மா முதல் வளையலைப் போட்டாள். மரிசெல் முறை வந்தது. "அம்மா வூட்டுலேர்ந்து யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள் தேவயானி.

யாரும் எழவில்லை. மரிசெல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருங்க, இருங்க!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு கலியம்மாள் வந்தாள். கையில் மகனுடைய செல்போன். அதில் மரிசெல்லின் அம்மா; அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் ஒரு வீட்டுக் கூட்டம்.

"சம்பந்தியம்மா, நல்லா பாத்துக்குங்க. ஒங்களுக்குப் பதிலா நான் போடுறேன்" என்று வளையல் தட்டிலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்தாள்.

அந்தம்மா தன் மொழியில் படபடவென்று ஏதோ சொன்னாள்.

"என்னம்மா சொல்றாங்க?" கலியம்மாள் பதறினாள்.

மரிசெல் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "பச்ச வேணாமாம் அத்தை. செவப்பு போடச் சொல்றாங்க."

மண்டபமே சிரித்தது. தேவயானி தட்டைக் கிளறிச் சிவப்பு வளையல்களாகப் பொறுக்கிக் கொடுத்தாள். கலியம்மாள் போடப்போட, போனுக்குள் ஒரே கைதட்டல்.

பந்தியில் மரிசெல் புளிசாதத்தை இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "அடுத்த வாரம் தடுப்பூசி, மறந்துடாத" என்றாள் தேவயானி.

"மொத ஆளா வந்து நிப்பேன்க்கா."

மறுநாள் காலையில் கலைவாணன் செல்போனைத் தேடினான். கொல்லையில் கலியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, பிள்ளைத்தாய்ச்சிக்கு இது எவ்வளவு நல்லது என்று சம்பந்தியம்மாளுக்குத் தமிழிலேயே விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தம்மா சட்டென்று எழுந்து போய், தன் வீட்டு மரத்திலிருந்து ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு வந்து காட்டினாள்.

"அடியே மரிசெல்லு, ஓடியா!" என்று கத்தினாள் கலியம்மாள். "ஒங்க ஊர்லயும் முருங்க இருக்குடி!"