கொசுறாக வந்தவர்

மொத்த மார்க்கெட்டில் நாலைந்து குடும்பம் சேர்ந்து காய்கறி வாங்கினால் கொசுறாக ஒரு ஆளைக் கொடுப்பார்கள். ஒற்றை வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை, கடைக்காரர் கொஞ்சம் தாராளமானவராக இருந்தால் நாலு பச்சை மிளகாய். வாங்குவது கூடக் கூடக் கொசுறும் கூடத்தானே வேண்டும்? மூட்டைக் கணக்கில் வாங்கிவிட்டுக் கறிவேப்பிலையோடு வீடு திரும்புகிறவரைத் திண்டுக்கல்லில் ஏமாந்த சோணகிரி என்றுதான் சொல்வார்கள்.

செண்பகவல்லி கொசுறுக்கு ஆசைப்பட்டுச் சங்கம் ஆரம்பித்தவள் அல்ல. தபால் ஆபீஸில் பார்சல்களை எடை போடுகிற வேலை அவளுக்கு. ஆள் ஒண்டிக்கட்டை. ஒண்டிக்கட்டைக்கு என்று எந்தச் செடியும் காய்ப்பதில்லை. ஒரு முட்டைக்கோஸ் வாங்கினால் திங்கட்கிழமை பொரியல், செவ்வாய்க்கிழமை கூட்டு, புதன்கிழமை மறுபடியும் அதே முகம். வியாழக்கிழமை வந்தால் அவளுக்கும் முட்டைக்கோஸுக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. கால் முட்டைக்கோஸ் கேட்டால் கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்ப்பார்.

அதனால்தான் காம்பவுண்டில் இருந்த மற்ற வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, மொத்தமாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றாள். எல்லாருக்கும் சம்மதம். எதிர்வீட்டு ஜோஸ்பின் டீச்சர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“சொத்தக் காயி யார் தலையில விழும்?”

அது முறை வைத்து விழும் என்று முடிவானது. சங்கம் பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிக்கந்தர் பாயின் மண்டியில் முதல் கொள்முதல். வெங்காயம், கத்தரிக்காய், முட்டைக்கோஸ் எல்லாம் குட்டியானை வண்டியில் ஏறின. டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன பாய், இவ்வளவு வாங்குறோம். கொசுறு ஒண்ணும் இல்லையா?”

பாய் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டம் போட்ட சட்டை. வண்டியில் ஏறி முட்டைக்கோஸ்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

“கொஞ்சம் நல்லதாப் பாத்துப் போடக் கூடாதா?” என்றார் டீச்சர்.

“கொசுறுல நல்லது கெட்டது பாக்கலாமா டீச்சரம்மா?” என்றார் பாய். அதுவும் நியாயம்தான்.

காய்களைப் பங்கு போடுவதில் சிரமம் இருக்கவில்லை. ஆளை அரிவாள்மனையில் வைக்க முடியாது என்பதால் வீட்டுக்கு ஒரு நாள் என்று விட்டார்கள். அவரும் போகிற வீட்டில் போட்டதைச் சாப்பிட்டார், சொன்னதைக் கேட்டார், விடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போனார். யாரும் அவரிடம் வேலை வாங்கவில்லை. வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும், கூலி கொடுத்தால் அது கொசுறு இல்லை. காம்பவுண்டில் அந்த அளவுக்கு நாகரிகம் இருந்தது.

வியாழக்கிழமை செண்பகவல்லியின் முறை. வீட்டில் ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. ஆபீஸ் விட்டு வரும்போது இன்னொன்று வாங்கி வந்தாள். தன் பங்கு முட்டைக்கோஸைக் கூட்டு வைத்துப் பரிமாறினாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, “இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்றார்.

அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் சட்டியை வழித்துப் போட்டாள். காலிச் சட்டியைக் கழுவும்போது அவளுக்கு இருந்த சந்தோஷத்தை இன்ன அளவு என்று சொல்ல முடியாது. வந்து அவர் பெயரைக் கேட்டாள்.

“கொசுறுக்குப் பேரு கேக்க மாட்டாங்க,” என்றார். பிறகு அவரே, “பூவலிங்கம்,” என்றார்.

சனிக்கிழமை பூவலிங்கம் வாடிப் போனார். கொசுறு என்றால் ஒரு வாரம்தான் தாங்கும். காது ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பேச்சு சருகுபோல உதிர்ந்தது. அன்றைய முறைக்காரரான டீச்சர் அவரை வாசல்பக்கம் ஒதுக்கி வைத்திருந்தார். செண்பகவல்லி அதைப் பார்த்துவிட்டு அழுதாள்.

“நாளைக்குப் புதுசு வாங்கப் போறோம். இதுக்குப் போயி ஏன் வல்லி கண்ணக் கசக்குற?” என்றார் டீச்சர். அவர் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. பழைய கொத்தமல்லிக்கும் அவர் அழுததில்லை, அவ்வளவுதான்.

செண்பகவல்லி பூவலிங்கத்தைத் தன் வீட்டுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். ஒரு அன்னக்கூடைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அவர் கால்களை அதில் வைத்தாள். கழுத்தைச் சுற்றி ஈரத்துணி போட்டாள். இந்த மனிதர் போய்விட்டால் இரண்டாவது தட்டை என்ன செய்வது என்று நினைத்தாள். அதை நினைக்கவே முடியவில்லை. காலையில் அவர் தலை நிமிர்ந்திருந்தது.

அவரையும் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போனாள். டீச்சரும் வந்தார்.

“பாய், இவர எனக்கு வெலைக்குக் குடுத்துருங்க.”

பாய் தராசிலிருந்து கையை எடுத்தார். “கொசுறுக்கு வெல சொன்னா அது சரக்காயிரும்மா. சரக்குன்னா தராசுல ஏத்தணும். ஏத்துனா சங்கத்துல எல்லாருக்கும் பங்கு போகும். டீச்சரம்மா அவங்க பங்க விடுவாங்களா?”

டீச்சர் பூவலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தார். “ஏன் விடணும்?”

“தண்ணியில வச்சிருந்தா?” என்றாள் செண்பகவல்லி.

“இன்னும் ஒரு வாரம் ஓடும். அதுக்கு மேல, கொசுறு கொசுறோட சேந்திருந்தாத்தான் வாடாது. கறிவேப்பிலையத் தனியா வச்சா காஞ்சுரும். கொத்தமல்லியோட சேத்துக் கட்டிப் பாருங்க, அது பாட்டுக்கு இருக்கும்.”

அந்த நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. பைபாஸ் பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம். இருநூறு வீடு. அதன் செயலாளர் அம்மாள் கூலிங்கிளாஸைக் கழற்றாமலே மூட்டைகளை எண்ணி ஏற்றினார். இருநூறு வீட்டுக்கு ஒற்றை ஆளைக் கொடுத்தால் மரியாதையாக இருக்காது, ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும். பாய் உள்ளே பார்த்தார். காலிச் சாக்குகளின் மேல் யாரும் இல்லை.

செண்பகவல்லி கூடையைக் கீழே வைத்தாள். வீட்டுச் சாவியை டீச்சர் கையில் கொடுத்தாள்.

“என் பங்கையும் நீங்களே எடுத்துக்குங்க டீச்சர்.”

“முட்டைக்கோஸயுமா?”

“முழுசா.”

டீச்சர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். “கொசுறுல குத்தம் சொல்ற வீடா இருந்தா காதுல வாங்காத,” என்றார்.

செண்பகவல்லி பூவலிங்கத்தைக் கூட்டிப்போய்ச் சாக்குகளின் மேல் உட்காரவைத்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாய் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து இருவர் மணிக்கட்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். இறுக்கவில்லை. இருவரும் லாரியில் ஏறிப் பூசணிக்காய்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். பூவலிங்கத்தின் காது ஓரங்களில் மஞ்சள் போய்விட்டிருந்தது.

செயலாளர் அம்மாள் எட்டிப் பார்த்தார். “இருநூறு வீட்டுக்கு இவ்வளவுதானா பாய்? இன்னும் கொஞ்சம் போடுங்க.”

“கட்டுப்படியாகாதும்மா,” என்று முணுமுணுத்தபடியே பாய் கொத்தமல்லிக் கட்டுகளுக்குப் பின்னால் கையை விட்டு, மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கி லாரியில் வைத்தார். அதற்குத் தூக்கம் இன்னும் கலையவில்லை. கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை இருந்தது. அது இருவரையும் பார்த்துவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்தது.

லாரி கிளம்புவதற்குள் செண்பகவல்லி அதன் பெயரைக் கேட்டுவிட்டாள்.