நாலடி நீளும் நடை

நெஞ்சு வலி வந்து நான் என் மனைவியைக் கூப்பிடும்போதெல்லாம் எங்கள் வீட்டு நடை நாலடி நீளும். முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் உள்ள நடைதான். வீடு கட்டியபோது ஆறு எட்டு வைத்தால் அடுக்களை வந்துவிடும். பிறகு இங்கிருந்து பார்த்தால் அடுக்களையே தெரியாமல் போனது. செண்பகம் மிளகாய் வறுத்தால் மறுநாள்தான் எனக்குத் தும்மல் வரும்.

வலி இடது பக்கம் வரும். சொல்லிக்கொண்டு வராது. சாக்கு தைக்கிற ஊசியை யாரோ உள்ளே விட்டு, நான் மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஒரு சுண்டு சுண்டுவார்கள். இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. பிறகு போய்விடும். பெரிய டாக்டர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். மெஷினில் ஓடவிட்டுப் பார்த்தார். "இதயம் பிரமாதமா இருக்கு. இந்த வலி ஒண்ணும் செய்யாது" என்றார். ஒன்றும் செய்யாத வலி இப்படி வலிப்பானேன் என்று கேட்டேன். அவர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒன்றும் செய்யாது என்பது எனக்கும் தெரியும். அந்த இரண்டு நிமிடம் மட்டும் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயம். "செண்பகம்!" என்று கத்திவிடுவேன்.

ஆரம்பத்தில் ஆறே எட்டில் வந்துவிடுவாள். கையில் பெருங்காயம் கரைத்த மோர் இருக்கும். எங்கள் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் வாயு. மாடு முட்டினாலும் வாயுதான். "வாயுவாத்தான் இருக்கும், குடிங்க" என்பாள். குடிப்பேன். என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எனக்கு மோர் முக்கியமில்லை, அந்தக் கைதான்.

பிறகு அவள் வந்து சேர அரைமணி ஆனது. பிறகு ஒரு பொழுது ஆனது. நான் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று மைக்கில் சொல்வது என் வேலை. என் பொண்டாட்டி எப்போது வருவாள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. தோளில் பையும் பையில் மாற்றுச் சேலையுமாக வந்து நிற்பாள். தூக்குவாளியில் மோர் புளித்திருக்கும்.

"இப்பம் எப்படி இருக்கு?"

"அது நேத்து."

"அப்பம் இன்னைக்கு?"

"இன்னைக்கு இல்ல."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிக் கீழே உட்கார்ந்து காலை நீவிக்கொள்வாள். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டினாலாவது நானும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

இதற்கிடையில் நடையின் பாதியில் எங்கள் தெருக்காரர் தளவாய் அண்ணாச்சி டீக்கடை போட்டுவிட்டார். இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர்.

"யாரைக் கேட்டுவே போட்டீரு?" என்றேன்.

"ஆள் நடமாட்டம் உள்ள எடத்துலதான கடை போட முடியும்" என்றார் அவர்.

நடமாடுகிற ஆள் செண்பகம் ஒருத்திதான். ஆனாலும் பெஞ்சில் எப்போதும் ஐந்தாறு பேர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. வந்தவர்களை வா என்று சொல்வதுதான் முறை.

நடையைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுக்கப் போனேன். அதற்கு ஒரு அலுவலகம் இருக்கிறது. மாடியில் கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன?"

"எங்க வீட்டு நடை நீளுது."

"கூப்பிட்டீங்களா?"

"வலிச்சுது. கூப்பிட்டேன்."

"செத்தீங்களா?"

"இல்ல."

"அப்பம் சும்மா கூப்பிட்டிருக்கீங்க. சும்மா கூப்பிட்டா நாலடி."

"வலிக்கும்போது சும்மாவா நெசமான்னு எப்படிம்மா தெரியும்?"

"பொறவு தெரியும்."

"பொறவு தெரிஞ்சு என்னத்துக்கு?"

அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். 'வலி தற்போது உள்ளதா?' என்று ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இல்லை என்று எழுதினேன். இல்லாத வலிக்கு மனு வாங்குவதில்லை என்று திருப்பித் தள்ளிவிட்டாள். இருக்கும்போது மாடி ஏற முடியாதே என்றேன். ஏற முடியாதவர்கள் இதுவரை யாரும் வந்து புகார் சொன்னதில்லை என்றாள்.

"குறைக்கிறதுக்கு வழியே கெடையாதா?"

"உண்டு. அந்த வீட்டுல யாராவது நெசமாக் கூப்பிட்டா நடை பழைய அளவுக்கு வந்துரும்."

"அது வந்த பொறவு கூப்பிட்ட ஆளு இருப்பாங்களா?"

"அது கீழ் மாடி செக்ஷன்."

கீழ் மாடி பூட்டியிருந்தது.

இனி கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த வலி செவ்வாய்க்கிழமை வந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றேன். செத்துப்போனேன் என்றே நினைத்தேன். சாகவில்லை. டேப்பை டீக்கடை பெஞ்சுக்காரர்களிடம் கொடுத்து அளந்துவரச் சொன்னேன். நடை ஒரு விரல்கூட நீளவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை.

ஆனால் செண்பகமும் வரவில்லை. கூப்பிடாதபோது அவ்வளவு தூரம் எதற்காக வருவாள்? ஒரு வாரம் ஆனது. ஒரு மாதம் ஆனது. அவள் சமைத்து அனுப்புவதை டீக்கடை பெஞ்சுக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி என்னிடம் சேர்த்தார்கள். ஆறித்தான் வரும். நான் முதலில் உப்பைப் பார்ப்பேன். உப்பு சரியாக இருந்தால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன்.

"செண்பகம் எப்படி இருக்கா?" என்று தூக்குவாளி கொண்டுவந்தவரிடம் கேட்டேன்.

"அவங்களும் நீங்க எப்படி இருக்கீங்கன்னுதான் கேட்டாங்க" என்றார்.

"நீரு என்ன சொன்னீரு?"

"கேட்டுச் சொல்லுதேன்னு சொன்னேன்."

நானே நடந்து போயிருக்கலாம். நெஞ்சுக்காரன் அவ்வளவு தூரம் நடக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதயம் பிரமாதமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னது அப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு சனிக்கிழமை வந்த ரசத்தில் உப்பே இல்லை. மறந்திருப்பாள் என்று சாப்பிட்டுவிட்டேன்.

மறுநாள் முற்பகல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க."

நூல் மாதிரி இருந்தது குரல். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். இந்த வீட்டில் கூப்பிடுகிறவன் நான், வருகிறவள் அவள். அவள் என்னைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

"என்ன செய்யுது?" என்று கத்தினேன்.

பதில் வர நேரம் ஆனது.

"நெஞ்சைப் பிடிக்குது."

அடுத்து என் வாய் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. "வாயுவாத்தான் இருக்கும்! வெந்நியப் போட்டுப் பெருங்காயத்தைக் கலக்கிக் குடி!" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

நான் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தரை நகர ஆரம்பித்தது. நடையின் கற்கள் ஒன்றுக்கடியில் ஒன்றாகப் புகுந்தன. தூரத்தில் இருந்த பல்புகள் கிட்டே வந்தன. நடை குறைகிறது என்று தெரிந்ததும், இந்தப் பாவிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. தளவாய் அண்ணாச்சி பாய்லரைத் தூக்கிக்கொண்டு அவசரமாக முன்னறைக்குள் வந்தார். பெஞ்சுகள் வந்தன. பெஞ்சுக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக என்னைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எதிர்க் கடைக்குப் பீடி வாங்கப் போனாலும் "போயிட்டு வாரேன்" என்று சொல்கிற ஆட்கள். ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்பம் சொல்லப்பிடாது வே" என்றார்.

"ஒரு தடவை சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு இறங்கினார். துக்க வீட்டிலிருந்து அப்படித்தான் இறங்குவார்கள்.

திரும்பினேன். நடை ஆறு எட்டுக்கு வந்திருந்தது. அடுக்களை வாசல் நன்றாகத் தெரிந்தது. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பெருங்காய டப்பா திறந்தபடி தரையில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் பாதம் ஒன்று தெரிந்தது. மற்றதைச் சுவர் மறைத்தது.

ஆறு எட்டுதான். என்னால் ஒரு எட்டுக்கூட வைக்க முடியவில்லை. எனக்கு அந்தத் தூரம் வேண்டும் போலிருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கோ நடந்து வந்துகொண்டிருக்கிற தூரம். அவள் வந்து சேர ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

சும்மா கூப்பிட்டால் நாலடி. என் நெஞ்சில் அப்போது ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை. மூச்சு தாராளமாக வந்து போனது.

"செண்பகம்! எனக்கு நெஞ்சு வலிக்குது, வா!" என்று கூப்பிட்டேன்.

நின்ற இடத்திலிருந்தே டேப்பை நீட்டி அளந்தேன். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அளந்தேன்.

நடை நீளவில்லை.