பச்சைச் சுவரில் அறைந்த ஆணி

தவமலரின் தையல் இயந்திரம் கடகடக்கத் தொடங்கினால், கீழ்வீட்டுக்காரர் துடைப்பத் தடியை எடுத்துத் தமது கூரையில் இடிப்பார். அந்த இடி அவளுடைய பாதத்தில் வந்து அதிரும். அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சற்று நேரம் அசையாதிருப்பாள். பின்பு, திருடுகிறவளைப் போல, மெல்ல மெல்ல மீண்டும் மிதிப்பாள்.

லண்டனின் ஸ்ட்ரெதத்தில், கோழிப் பொரியல் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஓர் அறையே அவளது இல்லம். கட்டிலும் அடுப்பும் போக எஞ்சிய இடமெல்லாம் தைத்துக் கொடுக்க வேண்டிய துணிக்கட்டுகள். கொழும்பில் விசாவுக்காகக் காத்திருக்கும் கணவனை அழைக்கப் பணம் சேர்ப்பதற்கு அந்த இயந்திரத்தையன்றி வேறு துணை அவளுக்கில்லை. வீட்டுச் சொந்தக்காரனோ இறுதியாகச் சொல்லிவிட்டான்: வசந்தம் வருமுன் இயந்திரம் வெளியேற வேண்டும், இல்லையேல் அவள் வெளியேற வேண்டும்.

ஆகவே, பழைய தீயணைப்பு நிலையம் தமிழருக்குக் கிடைக்கப் போகிறது என்ற செய்தி அவளுக்கு அருள்வாக்காய் ஒலித்தது. குதிரைகள் தீயணைப்பு வண்டி இழுத்த காலத்துக் கட்டடம் அது. பல்லாண்டுகளாய்ப் பூட்டிக் கிடந்து, புறாக்களின் எச்சத்தில் மூழ்கியிருந்தது. அதைச் சீர்செய்தால் நெடுங்காலக் குத்தகைக்குத் தருவதாக உள்ளூராட்சிக் கவுன்சில் தமிழ்ச் சங்கத்துக்கு வாக்களித்தது. நிபந்தனைகள் இரண்டு. பழம்பெரும் சுவர்களுக்கு ஊறு நேரக் கூடாது; உள்ளே அனைவரும் ஒன்றாயிருந்து உழைக்கும் பொது வேலைத்தலமாக அது விளங்க வேண்டும். தைப்பவர், தட்டச்சு செய்பவர், இடியப்பம் அவிப்பவர் எல்லோருக்கும் ஒரே மண்டபம், ஒரே தண்ணீர்க் குழாய்.

சங்கத் தலைவர் சபாரத்தினம் நெற்றி நிறைந்த நீறும் கணீரென்ற குரலும் உடையவர். பதிகம் பாடாமல் எக்கூட்டத்தையும் தொடங்காதவர். “பாழடைஞ்ச கோயிலிலை புல்லுச் செதுக்கிறது எப்பிடியோ, இதுவும் அப்பிடித்தான். உழவாரத் தொண்டு!” என்று அவர் முழங்கியபோது, பலருடைய கண்கள் கலங்கின.

குளிர்காலம் முழுவதும் வேலை நடந்தது. தவமலருக்குப் பக்கத்தில் நின்று சுவரைச் சுரண்டியவள் டொலறஸ். அவளும் தையற்காரி, மூன்று பிள்ளைகள் உறங்கும் அறையில் இயந்திரத்தை வைத்திருந்தவள். அவள் வாய் ஓயாது.

“பாருங்கோ அக்கா, ஒண்டை உரிச்சால் கீழை இன்னொண்டு. இந்தக் குளிருக்கு வெள்ளைக்காரன் சுவருக்கும் உடுப்புப் போட்டு விட்டிருக்கிறான்!”

“கதையை விட்டிட்டுச் சுரண்டடி.”

“சுரண்டிறன், சுரண்டிறன். வாய் சும்மா இருந்தால் கை விறைச்சுப் போகும்.”

ஒரு நாள் ஏழாவது பூச்சோ எட்டாவது பூச்சோ உதிர்ந்தபோது, அடியில் பச்சை நிறம் மின்னியது. குளத்து நீர் போல மெருகேறிய சுவர் ஓடுகள். இருவரும் ஈரத்துணியால் துடைத்துத் தங்கள் முகங்களை அதில் கண்டு சிரித்தனர். தேநீர்க் குடுவைக்கு மூடி ஒன்றே இருந்தது. அதிலேயே இருவரும் மாறி மாறிக் குடித்தனர்.

மாசியில் வேலை முடிந்தது. சபாரத்தினம் தவமலரை ஜன்னலோரத்து மேசைக்கு அழைத்துச் சென்றார்.

“இது உமக்கு. நல்ல வெளிச்சம். சந்தோசமே?”

“ஓம் அண்ணை. பெரிய உதவி.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “உம்மோடை நிண்டு வேலை செய்த பிள்ளை, டொலறஸ். அவ உம்மடை ஊர்ப்பக்கம்தானே? ஊரிலை எவடம்?”

யாழ்ப்பாணத்தார் ‘எவ்விடம்’ என்ற இக்கேள்வியை வழி அறிவதற்காகக் கேட்பதில்லை. விடையாக வருவது வாழ்ந்த சிறுதெருவின், ஒழுங்கையின், பெயர். கேட்டவர் எடுத்துக்கொள்வதோ சாதியின் பெயர். கடல் கடந்தும், உடைமை இழந்தும், அகதி என்று முத்திரை குத்தப்பட்டும், இந்த ஒரு கேள்வியை மட்டும் நம்மவர் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தனர்.

தவமலருக்கு அது தெரியும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் ஜன்னலோரத்து வெளிச்சம் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் ஒழுங்கையின் பெயரைச் சொன்னாள்.

“ஓ… அப்பிடியே.” சபாரத்தினத்தின் பார்வை பொதுக் குழாயின்மேல் சென்று நின்றது. “எனக்கு இதிலை ஒண்டுமில்லைப் பிள்ளை. ஆனால் மற்ற ஆக்கள் தண்ணி எடுக்க யோசிப்பினம்.”

அடுத்த சனிக்கிழமை, மண்டபத்தின் கோடியில் ஒரு பலகைத் தடுப்பு நின்றது. பச்சை ஓடுகளைத் துளைத்து, ஆணி அறைந்து, அதை இறுக்கியிருந்தார்கள். தடுப்புக்கு அப்பால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, தனியே தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கேத்தல்.

டொலறஸ் தன் இயந்திரத்தைப் பழைய குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“தங்கச்சி, உமக்கு அங்காலை தனியா இடம் போட்டிருக்கிறம். காத்தோட்டமா இருக்கும்,” என்றார் சபாரத்தினம்.

டொலறஸ் தடுப்பையும் கேத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். “முந்தி அதுக்கைதான் குதிரை கட்டினவை எண்டு நீங்கள்தானே ஐயா சொன்னியள்?”

யாரோ சிரித்து, உடனே விழுங்கிக்கொண்டார்.

“சுவர் சுரண்டேக்கை இந்தக் கை உங்களுக்குப் பரவாயில்லை. தண்ணி எடுக்கத்தான் ஏலாதாக்கும்.” அவள் திரும்பினாள். “அக்கா, ஆர் சொன்னது?”

தவமலர் ஊசியில் நூல் கோக்கக் குனிந்திருந்தாள். நூல் நுழையவில்லை. அவள் நிமிரவும் இல்லை. டொலறஸ் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

குத்தகையில் ஒப்பமிடுமுன் கவுன்சில் அதிகாரி ஒருத்தி இறுதியாகப் பார்வையிட வந்தாள். உலகப் போர்க்காலக் குண்டுவீச்சுக்கும் தப்பிய ஓடுகளில் ஆணித்துளைகளைக் கண்டதும் அவளது முகம் வெளுத்தது. இந்தத் தடுப்பு எதற்கு என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகள் அலுவலகங்களில் தடுமாறாது ஆங்கிலம் பேசியவர் சபாரத்தினம். இந்த ஒன்றை எடுத்துரைக்க, வெட்கமின்றி வாயில் வரக்கூடிய ஒரு சொல்லும் அவருக்குக் கிடைக்கவில்லை. சாமான் வைப்பதற்கு என்றார்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். “சாமான்கள் தேநீர் குடிக்குமா?” என்று கேட்டுவிட்டு வெளியேறினாள்.

நிபந்தனைகள் இரண்டும் முறிந்தன, குத்தகையும் முறிந்தது. கோடையில் அங்கே ஒரு மதுச்சாலை திறக்கப்பட்டது. பச்சை ஓடுகளின் அழகைக் காணவே மக்கள் வந்தார்களாம். தவமலர் இயந்திரத்தை விற்றுவிட்டு, ஹவுன்ஸ்லோவுக்கு பஸ் மாறி மாறிச் சென்று அலுவலகத் தரை துடைத்தாள். கணவனின் பயணம் மேலும் தள்ளிப்போயிற்று.

ஒரு ஞாயிறன்று மனம் பொறுக்காமல் டொலறஸின் வீட்டுக்குப் போனாள். டொலறஸ் சண்டை பிடிக்கவில்லை. இருக்கச் சொன்னாள், தேநீரும் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு எறியும் கடதாசிக் கோப்பையில்.

“ஏனடி இதிலை?”

“எங்கடை கோப்பையிலை குடிக்க நீங்கள் யோசிப்பியள் எண்டுதான்.”

தேநீர் சூடாகவே இருந்தது. தவமலர் அதைக் குடிக்காமலே கீழே வைத்தாள்.

மறுவாரம் சபாரத்தினம் படியேறி அவளது அறைக்கு வந்தார். “பிள்ளை, கிழக்கு லண்டனிலை, பார்க்கிங் எண்ட ஊர்ப்பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடம் சும்மா கிடக்குதாம். துப்புரவாக்கி எடுத்தால் நல்ல இடம். நீரும் வாரும். திரும்ப ஒருக்கால் உழவாரத் தொண்டு செய்வம்.”

“வாறன் அண்ணை. கதவுத் திறப்பை டொலறஸின்ரை கையிலை குடுப்பியளோ? அவ எடுக்கிற குழாயிலை நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை தண்ணி எடுத்துக் குடிப்பியளோ?”

அவர் நெற்றியைத் தடவினார். நீறு விரலில் ஒட்டியது.

“அப்ப அந்தக் கட்டடத்தை விட்டிடுங்கோ. அது பாழடைஞ்சே கிடக்கட்டும். எவடம் எண்டு நீங்கள் கேட்டியள். நான் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டுச் சொன்னன். ஆணி சுவரிலை ஏற முந்தி எங்கடை வாயாலைதான் ஏறினது. எட்டுப் பூச்சைச் சுரண்டின நாங்கள் எங்கடை மனசிலை கிடந்த ஒண்டைச் சுரண்டேல்லை. அதைச் சுரண்டாமல் எந்தக் கட்டடத்தைத் திருத்தினாலும், அண்ணை, நாங்கள் திருத்தினது குதிரை லாயந்தான்.”