வலப்பக்கத்து நாலு பொத்தான்கள்

1

இந்தக் கதை ஒரு திருட்டு. தொலைபேசி லைன்மேன் உசேன் வாழவந்தி டீக்கடையில் சொன்ன நாலு வாக்கியங்களிலிருந்து எடுத்தது. மீதி என் கைச்சரக்கு.

முதலில் எழுதிய தொடக்கம்: "சேர்வராயன் மலையை வெண்பனி ஒரு மணப்பெண்ணின் முக்காடு போல..."

(அடித்துவிட்டேன். நடந்தது மே மாதம், காலை பத்து மணி, நல்ல வெயில். மணப்பெண் யாரும் இல்லை.)

2

1992. வாழவந்தி பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். அதன் மேனேஜர் லூர்துராஜுக்கு அவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து ஒரு போன் கொண்டுவந்தார். வழக்கமான பன்னிரண்டு பொத்தான்களுக்கு வலப்பக்கம், மேலிருந்து கீழாக, இன்னும் நாலு: ஏ, பி, சி, டி.

(எங்கோ ஒரு ராணுவத்தில் அவசரத்தைத் தரம்பிரிக்க வைத்தவை. தளபதி அழுத்தினால் சிப்பாயின் பேச்சு பாதியில் அறுந்துபோகும். நம் ஊர் எக்ஸ்சேஞ்சில் இவற்றுக்கு ஒரு வேலையும் கிடையாது. காதில் 'கீங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.)

லூர்துராஜ் இதில் பாதியை மைத்துனரிடம் கேட்டுக்கொண்டார். மீதியை அவரே இயற்றினார். ஏ மேனேஜருக்கு, பி கணக்கெழுதும் ரைட்டருக்கு, சி மேஸ்திரிகளுக்கு, டி காப்பி பறிப்பவர்களுக்கு. அவரவர் எழுத்தை அழுத்திவிட்டுத்தான் எண்ணை அழுத்த வேண்டும். லைன் கிடைக்காவிட்டால் ஏ உடனே மறுபடி முயலலாம். டி அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். எஸ்டேட் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ் இதை டைப் அடித்து, கோந்து தடவி ஆபீஸ் சுவரில், போனுக்கு மேலே ஒட்டினார்.

லூர்துராஜை இன்னும் கொஞ்சம் கிண்டல் செய்ய ஆசைதான். ஆனால் சென்னையிலிருந்து முதலாளி போனில் கூப்பிட்டால், எழுந்து நின்று சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு பேசுகிற மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரு ஏ கிடைத்தால் விடுவாரா?

3

ஸ்தனிஸ்லாஸ்தான் எனக்குச் சந்தேகமான பாத்திரம். லைனைப் பார்க்க வந்த உசேன் அவரிடம் உண்மையைப் போட்டு உடைத்திருந்தார்: "ஏனுங்க ரைட்டரே, இந்த நாலும் சும்மா கத்துமுங்க. எக்ஸ்சேஞ்சு இதைச் சட்டையே பண்ணாதுங்க."

ஸ்தனிஸ்லாஸ் யாரிடமும் மூச்சு விடவில்லை. மேனேஜர் மனசு நோகும் என்பது அவர் உசேனிடம் சொன்ன காரணம். பதினெட்டு வருட வேலையில் தனக்கென்று கிடைத்த ஒரே எழுத்து அந்த பி என்பது நான் சொல்லும் காரணம்.

4

ஆபீஸுக்குள் ஆராயி ஒரு சீட்டோடு வந்தாள். காப்பி பறிப்பவள். மகள் பாப்பாத்தி பிரசவத்துக்குச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மருமகன் லாரியோடு வடக்கே எங்கேயோ. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், பெரியவர்கள் யாராவது உடனே போனிலாவது சம்மதம் சொல்லுங்கள் என்று எழுதி, எண்ணையும் போட்டு, யாரோ பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அடுத்த பஸ் இரண்டு மணிக்குத்தான்.

மேனேஜர் தோட்டத்துக்குப் போயிருந்தார். ஸ்தனிஸ்லாஸ் எண்ணை வாசிக்க, ஆராயி டி அழுத்தி ஒவ்வொன்றாக அழுத்தினாள். எங்கேஜ்டு. ரிசீவரை வைத்துவிட்டுக் கடிகாரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

இனி அரை மணி நேரம்.

('அவள் கண்களில் ஒரு சமுத்திரம்' என்று ஒரு வாக்கியம் வந்தது. துரத்திவிட்டேன். அவள் கண்கள் பெரிய முள்ளில் இருந்தன.)

ஐந்து நிமிடம் ஸ்தனிஸ்லாஸ் பேரேட்டைப் புரட்டினார். பிறகு, "ஆராயி, மறுக்காப் போடு" என்றார்.

"டி-ங்களே. பொறுக்கோணுமில்லைங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எதை அமுத்தினாலும் ஒண்ணுதான். உசேனே சொல்லிட்டாரு."

"நீங்கதானுங்களே இதை ஒட்டுனீங்க."

ஸ்தனிஸ்லாஸ் பேரேட்டை மூடினார். அவளே தொடர்ந்தாள். "முறை தப்பிப் போட்டு, அங்க கோவிச்சுக்கிட்டு லைனை அறுத்துப்புட்டா? ஆஸ்பத்திரியில கெடக்கிறது என்ற மகளுங்க."

தானே டைப் அடித்த பொய் எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறது என்று ஸ்தனிஸ்லாஸ் அப்போதுதான் பார்த்தார். உண்மை இங்கே செல்லாது. அவர் தணிந்த குரலில் சொன்னார்:

"அப்ப ஏ-வை அமுத்து. ஏ-வுக்குப் பொறுக்க வேண்டியதில்லைன்னுதானே போட்டிருக்கு?"

"மேனேஜரு கண்டா?"

"நாந்தான் அமுத்தச் சொன்னேன்னு சொல்லு."

(இந்த வரியை நான் எழுதவில்லை. அவராகச் சொன்னார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

5

ஆராயி முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு ஏ-வை அழுத்தினாள். கீங். பிறகு எண்கள். அதற்குள் அந்த லைன் காலியாகியிருந்தது, மணி அடித்தது. வாசலில் லூர்துராஜ். அவள் முதலில் அழுத்தியது எந்தப் பொத்தான் என்பதை அங்கிருந்தே பார்த்துவிட்டிருந்தார்.

முடிவு ஒன்று: கத்திக்கொண்டு வந்து ரிசீவரைப் பிடுங்குகிறார். வில்லன் கிடைத்துவிடுவான், எனக்கும் வேலை சுலபம்.

முடிவு இரண்டு: கண்கலங்கி நோட்டீஸைக் கிழிக்கிறார். நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்தான்.

முடிவு மூன்று: "பாத்தியா, ஏ போட்டதும் கெடைச்சிருச்சு" என்று ரைட்டரிடம் பெருமைப்பட்டுவிட்டு, தன்னிடம் கேட்காததற்காக... (தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

சேலத்தில் போனை எடுத்துவிட்டார்கள். ஆராயி வாசல் பக்கம் திரும்பவில்லை. "பாப்பாத்தியோட ஆத்தா பேசறனுங்க" என்று ஆரம்பித்தாள்.

லூர்துராஜ் உள்ளே வர ஒரு காலைத் தூக்கியிருக்கிறார். இனி அவர் உங்கள் பொறுப்பு. கத்தவிடுங்கள், திருந்தவிடுங்கள், உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று: அவள் சம்மதத்தைச் சொல்லி முடிக்கும்வரை அந்தக் காலை மட்டும் கீழே வைக்க விடாதீர்கள்.