உப்பு வாங்க வந்த தகர வில்லைகள்

சென்ற மாசி ஏழாம் தேதி காலை, பொன்னமராவதியில் குணசேகரனின் மளிகைக் கடைக்கு ஒரு தகர வில்லை தானாக உருண்டு வந்து கல்லாவின் முன் நின்றது. பணம் வந்தால் பேசும் பெட்டி, ‘ஓரணா பெறப்பட்டது’ என்று அறிவித்தது. வில்லை ஓரணாவுக்கு உப்பு வாங்க வந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது, குணசேகரனின் தாத்தா மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கடை முத்திரை குத்தி, மீதிச் சில்லறைக்குப் பதிலாக இந்த வில்லைகளைக் கொடுத்தார். போர் முடிந்ததும் ‘இனி செல்லாது’ என்று பலரைத் திருப்பி அனுப்பினார். அந்த ஆட்களெல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வில்லைகளுக்கு அந்த நாகரிகம்கூட இல்லை.

தினம் பத்துப் பதினைந்து வந்தன. ரூபாய் நாணயம் கொடுத்தால் தட்டிவிட்டன. பாக்கெட் உப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. போர்க்கால விலைக்கு, ஓரணாவுக்கு அரைப்படி கல்லுப்புதான் வேண்டும். அளந்து பொட்டலம் கட்டினால் வில்லை அசையாமல் படுத்துவிடும், பொட்டலம் தானே பஸ் ஏறிப் போய்விடும். லக்கேஜ் காசுக்குக் கண்டக்டர் குணசேகரனிடம்தான் வந்தார். சாமிக்குப் போட்டதைத் திருப்பித் தரமாட்டார்கள் என்ற தெம்பில், வந்து நின்றவற்றை அள்ளிக்கொண்டு போய்த் திருவரங்குளம் கோயில் உண்டியலில் போட்டார். மறுநாள் விபூதி பூசிக்கொண்டு வந்து நின்றன.

உப்பு வாங்காத வில்லை ஒன்று நின்றாலும் கடை ஷட்டர் இறங்காது. இதனாலேயே தங்கை இசைவாணியின் மகளுக்குக் காதுகுத்து இரண்டு முறை தள்ளிப்போனது. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? மூன்றாவது தேதி குறித்ததும் அவள் போன் செய்தாள்.

“அண்ணே, இந்தத் தடவையும் வரலேன்னா எங்க வீட்டுக்காரரு தம்பி மடியில ஒக்கார வச்சிருவேன். அப்பறம் எம் மூஞ்சியில முழிக்காதீங்க.”

குறித்த நாள் காலை பட்டு வேட்டி கட்டி இறங்கினால், வாசலில் நாற்பது வில்லைகள். குணசேகரனுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

“ஒரு நல்லது கெட்டதுக்குப் போக விட மாட்டீங்களாடா? இந்தா மூட்டை, இந்தா படி. நீங்களே அளந்துக்கிட்டுப் போங்க!”

கடையைத் திறந்துபோட்டுவிட்டுக் காதுகுத்து நடக்கும் குன்றாண்டார்கோவிலுக்குப் போனார். குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதது. அவரும் அழுதார் என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் திரும்பியபோது நாற்பது வில்லைகளும் கல்லாவின் மேல் ஒழுங்காக அடுக்கியிருந்தன. உப்பு சரியாக இருபது படி குறைந்திருந்தது. ஒரு கடலைமிட்டாய்கூடக் காணாமல் போகவில்லை. வாசலில் ஒரு பித்தளை வில்லை மட்டும், கேட்காமல் எடுக்கக் கூடாது என்று நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்தது எதிர்க் கடை முத்திரை. அந்தக் கடையை மூடி முப்பது வருஷம் ஆகிறது. குணசேகரன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அதற்கும் அரைப்படி அளந்தார்.