இழப்பில்லாத கம்பி

1

இந்தக் கதை ஒரு பிரிட்ஜில் பிறந்தது. நான் முதலில் எழுதிய தொடக்கம் இது: “திரவ ஹைட்ரஜன் மைனஸ் இருநூற்று ஐம்பத்து மூன்று டிகிரிக் குளிரில் மின்கம்பியைச் சுற்றி ஓடுமானால்...” வாசித்த என் மனைவி கொட்டாவி விட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

மறுபடி தொடங்குகிறேன். வருடம் தொண்ணூற்றாறு. குளத்தூர்ப் பக்கம் ஒரு ஊடுவழி, ஒடுங்கிய சந்து. இந்தப்புறம் கேரளம், அந்தப்புறம் தமிழ்நாடு. இந்தப்புற வீட்டில் ஜெயசிங், பாறசாலை டுட்டோரியலில் இயற்பியல் நடத்துகிற சார். (நல்ல மனிதர்தான். எதையும் விளக்காமல் இருக்க முடியாது, அவ்வளவே.) அந்தப்புற வீட்டில் சத்யபாமாவும் அவள் கணவர் பொன்னப்பனும்.

2

கேரளத்தில் தினமும் அரைமணி நேரம் கரண்டு கட். அப்போது சத்யபாமா வீட்டிலிருந்து ஒரு வயர் வழிக்கு மேலாக வந்து ஜெயசிங்கின் பிரிட்ஜை ஓட்டும். பொன்னப்பனின் இன்சுலின் அந்த பிரிட்ஜில்தான் இருந்தது, ஏனென்றால் அவர்களுக்கு பிரிட்ஜ் கிடையாது. அங்கிருந்து கரண்டு, இங்கிருந்து குளிர். சட்டம் என்ன சொல்லும் என்று கேட்காதீர்கள், இரண்டு மாநிலமும் கேட்கவில்லை.

ஜெயசிங்கின் கனவு பெரியது. ஏதோ சஞ்சிகையில் மீக்கடத்திக் கம்பியைப் பற்றிப் படித்திருந்தார். திரவ ஹைட்ரஜனில் குளிர வைத்தால் மின்தடையே இருக்காது, கரண்டு துளிகூட வீணாகாது. போய்ச்சேரும் ஹைட்ரஜனும் அங்கே எரிபொருளாகும். ஒரே குழாயில் இரண்டு சக்தி! நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவில் வரை படமே போட்டுவிட்டார். (கரண்டும் குளிரும் கைமாறும் வயருக்கு அடியில் குனிந்துதான் தினமும் பஸ்ஸுக்குப் போனார். இதை அவரிடம் நான்... வேண்டாம்.)

3

ஒரு சாயங்காலம் உற்சாகம் தாங்காமல் சத்யபாமாவிடமே விளக்கினார். இந்த ஒல்லி வயரில் கரண்டு வரும் வழியிலேயே சூடாகிச் சேதாரமாகிறது, முழுதாக வந்து சேருவதில்லை என்றார். இயற்பியல் சரிதான். சும்மா கிடைக்கிற பொருள் என்பதை மறந்துவிட்டார், பாவம்.

“எனக்க கரண்டு கொறைவாக்கும், இல்லியா சாறே?” என்று கேட்டாள் அவள். வயரைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வாரமே இந்தப்புறத்துக் குளத்தூர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. மாற்று வர மூன்று நாளாகுமாம். மீனமாதச் சூடு, பங்குனி வெயில். பொன்னப்பனின் மருந்து இன்னும் ஜெயசிங்கின் பிரிட்ஜில்தான்; மருந்துக்கடையிலோ இன்சுலின் தீர்ந்து, புதுச் சரக்கு வரவில்லை. வழிக்கு அந்தப்புறம் மட்டும் டியூப்லைட் ஜம்மென்று எரிந்தது. ஜெயசிங்கின் மனைவி ஓமனா போய்க் கெஞ்சினாள்.

“நீ எதுக்கு வந்த மக்கா? கணக்கு சொன்ன சாறு வந்து கேக்கட்டு.”

4

முடிவு ஒன்று: மீக்கடத்திக் கம்பி வந்துவிடுகிறது. (கிழித்தேன். குளத்தூருக்கு அது இன்னும் வந்தபாடில்லை.)

முடிவு இரண்டு: பொன்னப்பன் மயங்கி விழ, எல்லோரும் அழுது ராசியாகி... (சீ! ஒருவரைப் படுக்க வைத்தா சமாதானம் வாங்குவது?)

முடிவு மூன்று: ஜெயசிங் வழியைத் தாண்டுகிறார். “ஒண்ணும் வெளக்கப்பிடாது, கேட்டியளா” என்று சொல்லித்தான் ஓமனா அனுப்பினாள். வாசலில் சத்யபாமா, கையில் சுருட்டிய வயர். அவளுக்கும் பயம்தான், வயரை எப்போதோ எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பின்னால் நாற்காலியில் பொன்னப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஜெயசிங் தொண்டையைச் செருமுகிறார்.

“அக்கா, அண்ணைக்கு நான் சொன்னது என்னண்ணு கேட்டா, இந்த மின்தடை இருக்குல்லா...”

பேனாவை மூடிவிட்டேன். இந்த மனிதரை என்னால் நிறுத்த முடியாது. வாசகரே, அவரைத் தள்ளிவிட்டு நீங்கள் சொல்லுங்கள். ஒரு வரி போதும். சீக்கிரம், பிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது.